ஞானதாஸ் சாரின் ஜெபமும் எங்கள் சர்வரும்

போன மாதம் ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவிலிருந்து ஷைனி என்று ஒரு பெண் போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவர். என்னை நேரில் பார்த்ததில்லை.

"சார், நம்ம சாஃப்ட்வேரை எல்லாம் கிளவுடுக்கு, அதாவது வெளிக் கம்பெனி சர்வருக்கு, மாத்துதோம். அங்க உள்ளவங்க ஒரு சந்தேகம் கேக்காங்க. ஒருத்தர் லாகின் செஞ்சிட்டு கம்ப்யூட்டரைத் தொடாம சும்மா விட்டா, கொஞ்ச நேரத்துல அது தானா வெளிய தள்ளும்லா? எல்லா இடத்துலயும் பத்து, பதினஞ்சு நிமிஷம். நம்ம ஆஸ்பத்திரியில மட்டும் முக்கா மணி நேரம் வச்சிருக்கு. காரணம் 'அலுவலக நடைமுறை'ன்னு போட்டிருக்கு. அது என்ன நடைமுறை சார்?"

"உங்க மேடத்துக்கிட்ட கேக்கலியா?"

"கேட்டேன். அவங்க ரொம்ப நேரம் சிரிச்சிட்டு, தாணு சார்கிட்ட கேளுன்னு சொல்லிட்டாங்க."

போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு ஊர் தோவாளைப் பக்கம். அப்பாவுக்கு நெல் வயல். எனக்கு வயலில் இறங்கினால் காலில் அரிப்பு வரும் என்பதால் டைப்ரைட்டிங் படித்தேன். அந்தத் தகுதியில்தான் மிஷன் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். பிறகு கம்ப்யூட்டர் என்று ஒன்று வந்து இறங்கியது. தொடுவதற்கு எல்லோருக்கும் பயம். வேகமாக டைப் அடிக்கிறவன் என்று என்னைப் பிடித்து நாகர்கோவிலுக்குப் படிக்க அனுப்பினார்கள். அங்கே படித்ததில் இன்றைக்கு நினைவிருப்பது அந்த அறையில் ஏசி இருந்தது என்பது மட்டும்தான். திரும்பி வந்ததும் "கம்ப்யூட்டர் சார்" ஆகிவிட்டேன். மற்றதெல்லாம் அடிபட்டுக் கற்றுக்கொண்டது.

தினமும் நெற்றியில் திருநீறோடுதான் வேலைக்குப் போவேன். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. காலையில் வேலை தொடங்குவதற்கு முன் மாடியில் உள்ள ஜெப அறையில் ஊழியர் எல்லோரும் கூடுவார்கள். நானும் போய்க் கடைசி வரிசையில், ஜன்னலோரம் உட்காருவேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. சும்மா சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தால் பசிக்கும், அதனால் போகத் தொடங்கினேன். நாளடைவில் பாட்டெல்லாம் மனப்பாடம் ஆகி, புதிதாக வந்த நர்சுகளுக்கு ராகம் தப்பினால் நான் எடுத்துக்கொடுக்கும் நிலை வந்துவிட்டது.

இனி ஞானதாஸ் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்தான் ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரி. வெள்ளை முழுக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ஒன்று கையெழுத்துப் போட, இன்னொன்று கதவைத் தட்ட. எந்த அறைக்கு வந்தாலும் பேனாவால் ஒரு தட்டு, அவ்வளவுதான். உள்ளே வந்து மூன்று கேள்வி கேட்பார்: "என்ன? யாரு? எப்ப சரியாவும்?" கேன்டீனில் குழம்பு தீய்ந்தாலும் அதே மூன்று கேள்வி, ஆக்சிஜன் தீர்ந்தாலும் அதே மூன்று கேள்வி. குரலை உயர்த்த மாட்டார். மனம் நன்றாக இருந்தால் "மக்கா" என்பார். கோபம் வந்தால் மேடைத் தமிழுக்கு மாறிவிடுவார். "இது என்ன காரியம்?" என்று அவர் மெதுவாகக் கேட்டால் நாங்கள் லீவு லெட்டர் எழுதத் தொடங்கலாம்.

புதன்கிழமை மட்டும் பல் டாக்டர் ஜெபம் நடத்துவார். மற்ற நாளெல்லாம் ஞானதாஸ் சார்தான். அவருடைய ஜெபத்தில் யாரும் விடுபட மாட்டார்கள். நாட்டை ஆளுகிறவர்களில் தொடங்கி, டாக்டர்கள், நர்சுகள், ஒவ்வொரு வார்டாக நோயாளிகள், பிரசவத்துக்குக் காத்திருக்கிறவர்கள், கடலுக்குப் போனவர்கள், வளைகுடா நாடுகளில் வெயிலில் நிற்கும் நம் பிள்ளைகள், இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள், மழை, லிஃப்ட், ஜெனரேட்டர் என்று போகும். துணி துவைக்கிற மேரியக்காவின் மகன் சவுதியில் இருந்தான். அவனுக்குத் தினமும் பெயர் சொல்லி ஓர் இடம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டே எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று எங்களுக்குத் தெரியும். லிஃப்ட் வந்தால் செருப்பைக் காலால் தேடத் தொடங்குவோம்.

அவர் போட்ட விதி ஒன்று: ஜெபத்துக்கு வருமுன் ஒவ்வொருவரும் தங்கள் கம்ப்யூட்டரில் லாகின் செய்துவிட வேண்டும். அதுதான் வருகைப் பதிவு. தோவாளை பஸ்ஸில் வருகிறவர்கள் முதலில், மார்த்தாண்டம் பஸ்ஸில் வருகிறவர்கள் பிறகு, பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் ஓடி என்று ஆளாளுக்கு ஒரு நேரத்தில் வந்து லாகின் செய்துவிட்டு மாடிக்கு ஏறுவோம். ஜெபம் முடிந்து ஆமென் சொன்னதும் எல்லோருமாக ஒரே படிக்கட்டில் இறங்குவோம். இந்தக் கட்டுரையில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது இது மட்டும்தான்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு ஆஸ்பத்திரி சாஃப்ட்வேரின் புது வெர்ஷன் வந்தது. ஓ.பி. சீட்டு, லேப், மருந்து, பில் எல்லாம் அதில்தான் ஓடும். பழசே போதும் என்றார் ஞானதாஸ் சார். என்னிடம் உதவியாளராக இருந்த ஜெமிமா, கம்பெனி பழையதற்கு இனி உதவி செய்யாது என்று படித்துச் சொல்லி, ஒரு நாள் கூட வேலை தடைபடாது என்று எழுதியும் கொடுத்து அவரைச் சம்மதிக்க வைத்தாள். மார்த்தாண்டத்துப் பக்கத்துப் பெண். வேலையில் நல்ல கெட்டி. ஆனால் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை; அந்த மாதம்தான் ஆக வேண்டியிருந்தது. அவள் கணவர் சவுதியில் வேலை போய் ஊருக்கு வந்துவிட்டார். வீட்டுக்கு வருகிற ஒரே சம்பளம் இவளுடையது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாற்றினோம். அதில் நான் கண்டிப்பு. ஒருவர் ஒவ்வொரு படியாக உரக்க வாசிக்க வேண்டும், மற்றவர் செய்ய வேண்டும், செய்தபின் "ஆச்சு" என்று சொல்ல வேண்டும். ஆச்சு வராமல் அடுத்த படி கிடையாது. பழைய விவரங்களை எல்லாம் நகலெடுத்து பேக்கப் வைத்து, அந்த பேக்கப்பைத் திறந்தும் பார்த்தோம். திறந்து பார்க்காத பேக்கப், பூட்டிய வீட்டில் சோறு இருக்கிறது என்று நம்புவது போல. நான் வாசித்தேன், ஜெமிமா செய்தாள். எல்லாம் ஆச்சு. சோதித்துப் பார்த்தோம், சிட்டாகப் பறந்தது.

திங்கட்கிழமை ஜெபம் முடிந்து நாங்கள் இறங்கிய சிறிது நேரத்தில், எல்லாக் கம்ப்யூட்டருக்கும் தாய் மாதிரியான சர்வர் திணறியது. பிறகு தானாகவே எழுந்துகொண்டது. புது இடம், பழக வேண்டும் என்று நினைத்தோம். ஞானதாஸ் சார் வந்து பேனாவால் தட்டி, மூன்று கேள்வி கேட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை ஜெபத்தில் ஜெனரேட்டருக்குப் பிறகு எங்கள் சர்வருக்கும் ஓர் இடம் கொடுத்தார். அதன் ஒவ்வொரு பாகத்தையும் கர்த்தர் தாங்கவேண்டும் என்று உருக்கமாகவே கேட்டார். இறங்கி வந்தோம். சர்வர் படுத்தேவிட்டது.

ஓ.பி. வரிசை வாசல் தாண்டி மெயின் ரோடுக்குப் போனது. நெய்யூரிலும் தக்கலையிலும் இருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர்கள் டோக்கன் இல்லாமல் நின்றார்கள். "கம்ப்யூட்டர் இல்லாத்த காலத்துல மனுசனுக்கு நோவு வரல்லியா?" என்று ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் சர்வர் அறைக்குள் போய்விட்டேன்.

திங்கட்கிழமையே சொல்லியிருந்ததால் சாஃப்ட்வேர் கம்பெனி சென்னையிலிருந்து கார்த்திக் என்கிற இன்ஜினியரை அனுப்பியிருந்தது; செவ்வாய் விடியலிலேயே வந்துவிட்டார். மரியாதையான பையன். ஜெபத்துக்கு வரவில்லை, அந்த நேரத்தில் சர்வர் அறையில் உட்கார்ந்து பார்த்தார். ஜெமிமாவும் கூடவே இருந்தாள். "சார், ஜெபம் நடக்கிறப்ப சர்வர் அவ்வளவு அமைதியா இருக்கு. அப்புறம் திடீர்னு விழுது. எங்க சாஃப்ட்வேர்ல பிரச்சினை இல்ல. உங்க நெட்வொர்க்தான்," என்றார்.

ஒரே நேரத்தில் ஏராளமான லாகின் வந்திருப்பதை ஜெமிமா காட்டினாள். "அது விழுந்ததுக்கு அப்புறம் எல்லாரும் திரும்பத் திரும்ப அடிக்கிறது மேடம்," என்றார். கேட்டால் சரியாகத்தான் பட்டது. எலக்ட்ரீஷியன் செல்லப்பனுக்கு வேறு கருத்து. "சாரே, இது ஆரல்வாமொழி காத்தாடிக் கரண்டு. காத்தடிச்சா வரும், நின்னா நிக்கும். புது மெஷினுக்கு அது பிடிக்காது."

செவ்வாய் மாலை கார்த்திக் நெட்வொர்க் பெட்டி ஒன்றைப் புதிதாக மாற்றினார். புதன்கிழமை சர்வர் விழவே இல்லை. கார்த்திக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். காற்று இன்றைக்குச் சீராக அடித்தது என்றார் செல்லப்பன். வியாழக்கிழமை காலை ஞானதாஸ் சார் சர்வர் சுகமானதற்காக நன்றி ஜெபம் செய்தார். கார்த்திக்கின் பெயரையும், அவரைப் பெற்றவர்களையும், அவர் திரும்பிப் போக வேண்டிய ரயிலையும் அதில் சேர்த்தார்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். ஜெபம் லிஃப்டைத் தாண்டினால் ஒரு கண்ணை மட்டும் திறந்து ஜன்னல் வழியே கீழே பார்ப்பேன். கீழே ஓ.பி. ஹால், ஏழெட்டு கவுண்டர், ஆளில்லாத நாற்காலிகளுக்கு முன்னால் கம்ப்யூட்டர்கள். லாகின் செய்திருந்தால் திரை பச்சை நிறத்தில் இருக்கும். அன்றைக்குக் கார்த்திக்கின் அப்பா அம்மா கட்டத்தில் ஒரு பச்சை திடீரென்று நீலம் ஆனது. நீலம் என்றால் லாகின் பக்கம். அடுத்தது நீலம். ரயில் வருவதற்குள் எல்லாத் திரையும் நீலம். மேலே ஆமென் சொன்னார்கள். கூட்டம் எழுந்து படியில் இறங்கியது. நான் மட்டும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் போய் உட்கார்ந்தார்கள், நீலத்தைப் பார்த்தார்கள், மொத்த ஆஸ்பத்திரியும் சேர்ந்து ஒரே மூச்சில் லாகின் அடித்தது. சர்வர் விழுந்தது. அந்த வாரத்திலேயே மோசமான விழுகை.

ஓடிப்போய் ஜெமிமாவிடம் சொன்னேன். புது வெர்ஷனின் செட்டிங்கைத் தேடிப் பார்த்தோம். பதினைந்து நிமிடம் தொடாமல் இருந்தால் வெளியே தள்ளும் என்று இருந்தது. பழைய வெர்ஷனில் அப்படி ஒன்று கிடையாது. புதிதாக லாகின் செய்கிற ஒவ்வொருவருக்கும் சர்வர் நிறைய வேலை பார்க்க வேண்டும். காலையில் பஸ் பஸ்ஸாக வந்தால் தாங்கும், ஊரே கூடி வந்தால் தாங்காது. புதன்கிழமை பல் டாக்டர் பதினைந்து நிமிடத்துக்குள் முடித்துவிட்டார். பல் பிடுங்குகிறவருக்கு இழுத்துக்கொண்டிருப்பது பிடிக்காது போலும்.

கார்த்திக்கும் ஒத்துக்கொண்டார். ஆனால் அந்த நேரத்தைப் பாதுகாப்பு காரணமாகப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்றும், மாற்ற வேண்டுமானால் தலைமை அலுவலகம் அனுமதித்து அனுப்ப வேண்டும், சில வாரம் ஆகும் என்றும் சொன்னார். ஜெபம் முடிந்த பிறகு லாகின் செய்யச் சொல்லலாம் என்றால் அப்போதும் எல்லோரும் ஒன்றாகத்தான் அடிப்பார்கள். ஒவ்வொரு பிரிவாக இறங்கச் சொன்னால் யார் முதலில் என்று நர்சுகளுக்கும் லேபுக்கும் சண்டை வரும். ஒரே வழிதான் இருந்தது. அதை நாங்கள் மூவரும் வாய் விட்டுச் சொல்லவில்லை.

அன்று மாலையே ஞானதாஸ் சார் என்னைக் கூப்பிட்டார். "இது என்ன காரியம், தாணு? சனிக்கிழமைக்குள் சரியாகவில்லை என்றால் பழைய வெர்ஷனுக்கே திரும்புவோம். ஒரு நாள் கூட தடைபடாது என்று எழுதித் தந்த பிள்ளையை நிரந்தரம் செய்யச் சொல்லி நான் நிர்வாகக் குழுவிடம் கேட்க மாட்டேன். வேறு ஆள் பார்ப்போம்." மேடைத் தமிழ். அதை அப்படியே ஜெமிமாவிடம் போய்ச் சொன்னேன். வெள்ளிக்கிழமை காலை ஜெபத்தில் சர்வருக்காகக் கண்ணீர் விட்டே ஜெபித்தார். அன்றும் விழுந்தது.

"சார், எனக்க மாப்பிள்ளைகிட்ட இன்னும் செல்லல்ல," என்றாள் ஜெமிமா. சர்வர் அறையின் குளிரில் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு இருந்தாள். "எப்படிச் செல்லதுன்னு தெரியல்ல. நீங்க சாரை ஒண்ணும் செல்லாண்டாம். அவிய மனசு நோவும்."

தன் வேலை போகிற நேரத்திலும் அவர் மனசு நோகும் என்கிறாளே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மீது என்று தெரியாத கோபம். அந்த வேகத்திலேயே அவர் அறைக்குப் போனேன்.

"உக்காரு. காரணம் கெடச்சுதா? என்ன?"

"எல்லாரும் லாகின் செஞ்சிட்டு எந்திரிச்சுப் போறாவ சார். பதினஞ்சு நிமிஷம் ஆனா மெஷின் வெளிய தள்ளிருது. திரும்பி வந்து எல்லாரும் ஒண்ணா அடிக்கச்சில தாங்கல்ல."

"எங்க எந்திரிச்சுப் போறாவ? யாரு?"

"ஜெபத்துக்கு சார்."

"ஜெபத்துக்குப் போறது தப்பா?"

"தப்பில்ல சார். பதினஞ்சு நிமிஷத்தைத் தாண்டிப் போவுது. புதன்கிழமை பல் டாக்டர் சீக்கிரம் முடிச்சாரு, அன்னைக்கு விழல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அப்ப எனக்க ஜெபம் நீளம்னு செல்லுத."

"நான் செல்லல்ல சார். சர்வர் செல்லுது."

"இத்தன வருஷமா கடைசி வரிசையில இருந்து கேக்குதியே, உனக்கு நீளமாத் தெரியலியா?"

"எனக்குப் பழகிப்போச்சு சார். அது புதுசுல்லா."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அந்த சர்வருக்காகத்தானே தாணு, செவ்வாக்கிழமையில இருந்து கூட்டி ஜெபிக்கேன்."

"அது சேந்த பொறவுதான் சார் அடியோட விழுது."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அவர் முகம் சின்னப்பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டார்: "அந்தப் பிள்ளைக்கு இது தெரியுமா?"

"நேத்தே தெரியும்."

"பின்னே ஏன் வந்து செல்லல்ல?"

"அவளுக்க வேலையே உங்க கையில கிடக்கு. உங்க ஜெபம் நீளம்னு அவ வந்து எப்படிச் செல்லுவா? அதுவுமில்லாம, உங்க மனசு நோவும், செல்லாண்டாம்னு எங்கிட்ட செல்லிட்டு அங்க குளிர்ல இருக்கா."

"உனக்கும் வேலை எனக்க கையிலதானே?"

"எனக்கு ரிட்டயர்டாவ கொஞ்ச நாள்தான் சார் இருக்கு. இனி என்ன செய்வீங்க?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். போகலாம் என்று அர்த்தம்.

சனிக்கிழமை பாட்டு முடிந்து ஞானதாஸ் சார் எழுந்தார். எல்லோரும் கண்ணை மூடி, நீண்ட பயணத்துக்கு வசதியாக உட்கார்ந்துகொண்டார்கள். "கர்த்தாவே, நாங்கள் சொல்ல வந்ததெல்லாம் உமக்கு ஏற்கெனவே தெரியும். ஆமென்," என்றார்.

யாரும் கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு வாங்குகிறார் என்றே நினைத்தார்கள். அவர் இன்னொரு முறை ஆமென் சொல்ல வேண்டியதாயிற்று. மேட்ரன் பயந்துபோய், "சாருக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று என் காதில் கேட்டார். நான் ஜன்னலைப் பார்த்தேன். எல்லாத் திரையும் பச்சை.

இறங்கி வந்தோம். மருந்துக் கவுண்டரில் பில் ஓடியது. லேப் ஓடியது. ஜெமிமா சர்வர் அறையிலிருந்து வந்து, "சார், நிக்குது," என்றாள். ஞானதாஸ் சார் பேனாவை எடுக்காமல் நேரே அவளிடம் போனார். "மக்கா, தப்பு எனக்கு. உனக்க பேரை நான் இன்னைக்கே குழுவுக்கு அனுப்புதேன்," என்றார். அவளை அவர் மக்கா என்றது அன்றைக்குத்தான் முதல் முறை. அவள் அங்கேயே அழுதாள்.

கார்த்திக் அனுமதி கேட்டு எழுத உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் வேண்டும் என்றார். "முக்கா மணி நேரம்," என்றார் ஞானதாஸ் சார் யோசிக்காமல். காரணம் என்ன போடுவது என்று கார்த்திக் கேட்டார். "ஜெபம்னு போடுங்க," என்றார். கார்த்திக் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். அவர் 'அலுவலக நடைமுறை' என்று போட்டுக்கொண்டார்.

அனுமதி வரும்வரை குட்டி ஜெபம்தான். முதல் இரண்டு நாள் எல்லோருக்கும் கொண்டாட்டம். கேன்டீனில் உட்கார்ந்து டீ குடிக்க நேரம் கிடைத்தது. அடுத்த வாரம் புகார் வரத் தொடங்கியது. தங்கள் வார்டின் பெயரைச் சொல்லவில்லை என்று பிரசவ வார்டு நர்சுகள் என்னிடம் வந்தார்கள். லிஃப்ட் நின்றுபோனதற்கு அதுதான் காரணம் என்றார் செல்லப்பன். மேரியக்கா சர்வர் அறை வாசலில் வந்து நின்றார். "சாரே, எனக்க மவனை இப்பம் யாரு செல்லுதா? உங்க பெட்டிக்கு ஒத்துக்கல்லன்னு அவனை விட்டிருவினுமா?" அத்தனை நாள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த எனக்கும் அந்த ஜெபம் இல்லாமல் காலை நேரம் வெறிச்சென்றுதான் இருந்தது. அனுமதி வந்த அன்று ஞானதாஸ் சார் விட்ட நாட்களுக்கும் சேர்த்து ஜெபித்தார். மேரியக்காவின் மகன் பெயர் வந்ததும் கடைசி வரிசை வரைக்கும் ஆமென் கேட்டது. சர்வர் அசையவில்லை.

அந்த ஜெமிமாதான் ஷைனி சொன்ன மேடம். இப்போது கணினிப் பிரிவுக்கு அவள்தான் தலைவி. இன்றைக்கு ஜெபம் ஒலிபெருக்கியில் வருகிறதாம், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறதாம். பின்னே முக்கால் மணி எதற்கு என்று ஷைனி கேட்கலாம். ஞானதாஸ் சாரும் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் ஆண்டு விழாவன்று அவரைக் கூப்பிட்டு ஜெபிக்கச் சொல்கிறார்கள். அந்த ஒரு நாளுக்காக அது அப்படியே இருக்கட்டும்.

என்னுடைய பிரிவு உபசார நாளிலும் அவர்தான் ஜெபித்தார். என் பெயர், என் ஊர், நான் இறங்காத என் வயல், என் மனைவி, பிள்ளைகள், எனக்கு வரப்போகும் பென்ஷன் என்று போய்க்கொண்டே இருந்தது. நடுவில் திடீரென்று குரல் நின்றது. நான் பழக்கம் போல ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அவரும் ஒரு கண்ணைத் திறந்து கடைசி வரிசையில் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் வழியே கீழே பார்த்தேன். எல்லாம் பச்சை. நேரம் இருக்கிறது என்று தலையாட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, என் முழங்கால் வலியிலிருந்து தொடர்ந்தார்.